ஒரு யூரோவுக்கு விலை போன அழகு

ஒரு யூரோ என்பது இன்றைய மதிப்பில் நூறு ரூபாய்ச் சொச்சம். நாலு பேர் டீக்கடையில் நின்று டீ குடித்து, ஆளுக்கொரு வடை தின்றால் தீர்ந்து போகிற காசு.

2005 டிசம்பரில் மலேசியாவின் புரோட்டான் கார் கம்பெனி, இத்தாலியின் எம்வி அகுஸ்டா மோட்டார்சைக்கிள் கம்பெனியில் தன்னிடம் இருந்த 57.75 சதவீதப் பங்கை இந்த ஒரு யூரோவுக்குத்தான் விற்றது. வாங்கும்போது கொடுத்தது 7 கோடி யூரோ. இடையில் ஓடியது சுமார் ஒரே ஒரு வருஷம்.

சரி, மலேசியாக்காரன் ஏமாந்தான் என்றே வைத்துக்கொள்வோம். 2008-இல் அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் அதே கம்பெனியை வாங்கியது. வங்கிக் கடன்களை அடைத்ததையும் சேர்த்துச் சுமார் 7 கோடி யூரோ செலவு. 2010 ஆகஸ்டில் பெயருக்கு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கைகழுவியது. அதோடு விட்டதா? "நடத்துவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று 2 கோடி யூரோவையும் தனியாக ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் போனது! மாட்டையும் கொடுத்து, தீவனத்துக்குக் காசும் கொடுத்த கதை.

பைக் ரசிகர்களிடம் இதற்கு ஒரு ரெடிமேட் விளக்கம் உண்டு. "புரோட்டானுக்கு ரசனை இல்லை. ஹார்லிக்குப் பொறுமை இல்லை. எம்வி அகுஸ்டா என்பது கம்பெனி அல்ல, கலை. கலையைக் கால்குலேட்டர் வைத்து அளந்தால் இப்படித்தான் ஆகும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வடிகட்டிய ஜல்லி. இந்தக் கம்பெனியைக் கால்குலேட்டர் கெடுத்ததாக ஒரு ஆதாரமும் கிடையாது. கால்குலேட்டரை யாரும் கையிலேயே எடுக்காமல் கெட்டதற்கு எழுபது வருஷ ஆதாரம் இருக்கிறது. அந்த அலட்சியத்துக்குக் "காதல்", "வெறி", "கலை" என்று பட்டு வேட்டி கட்டிவிட்டு ஊர்வலம் விட்ட ரசிகர்களுக்கும் இந்தக் குற்றத்தில் பங்கு உண்டு.

ஹெலிகாப்டர் காசில் ஓடிய பைக்

முதலில் அந்தப் "பொற்கால"த்தைப் பார்த்துவிடலாம்.

அகுஸ்டா குடும்பம் அடிப்படையில் விமானக் குடும்பம். ஜியோவான்னி அகுஸ்டா என்ற பிரபு 1923-இல் மிலானுக்கு வடமேற்கே காஷினா கோஸ்டா என்ற இடத்தில் விமானத் தொழிற்சாலை தொடங்கினார். 1927-இல் அவர் இறந்த பிறகு மனைவியும் மூத்த மகன் டொமெனிகோவும் எடுத்து நடத்தினார்கள். இரண்டாம் உலகப்போரில் இத்தாலி தோற்றதும் விமானம் கட்டத் தடை வந்தது. ஃபாக்டரி இருக்கிறது, மெஷின் இருக்கிறது, ஆள் இருக்கிறது, செய்யத்தான் வேலை இல்லை. ஜனங்களுக்கோ மலிவான வாகனம் வேண்டும். அப்படி 1945-இல் பிறந்ததுதான் மெக்கானிக்கா வெர்கேரா அகுஸ்டா, சுருக்கமாக எம்வி அகுஸ்டா. வெர்கேரா என்பது பக்கத்து ஊரின் பெயர்.

இதுவரை கதை அருமையான வியாபாரக் கதை. இருக்கிற ஆளையும் மெஷினையும் வைத்து, சந்தைக்கு எது வேண்டுமோ அதைச் செய்தார்கள். 

அதற்குப் பிறகு டொமெனிகோ பிரபுவுக்கு ரேஸ் பைத்தியம் பிடித்தது. உலகத்திலேயே சிறந்த ஓட்டுநர்களைச் சேர்த்தார். கார்லோ உபியாலி, ஜான் சர்ட்டீஸ், மைக் ஹெயில்வுட், ஜியாகோமோ அகோஸ்டினி... பட்டியல் நீளம். 500 சிசி பிரிவில் 1958 முதல் 1974 வரை தொடர்ந்து பதினேழு வருஷம் உலகப் பட்டம் எம்வி ஓட்டியவருக்கே போனது. அகோஸ்டினியின் 15 உலகப் பட்டங்களில் 13 எம்வியில் வாங்கியவை. தயாரிப்பாளர் பட்டம் மட்டும் 37. இன்றுவரை இந்தக் கம்பெனி விற்பது இந்த நினைவைத்தான்.

இந்த ரேஸுக்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது? இங்கேதான் ரசிகர்கள் வேகமாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். 1952-இல் அகுஸ்டா நிறுவனம் அமெரிக்காவின் பெல் கம்பெனியிடமிருந்து ஹெலிகாப்டர் செய்ய லைசென்ஸ் வாங்கியது. அந்தத் தொழில் ஓஹோவென்று வளர்ந்தது. குடும்பத்தின் உண்மையான தொழில் ஹெலிகாப்டர். பைக் ரேஸ் என்பது பிரபுவின் பொழுதுபோக்கு. பந்தயக் குதிரை வளர்ப்பது மாதிரி.

அதற்குச் சான்று வேண்டுமா? 1965-இல் எம்வி ஒரு நாலு சிலிண்டர் பைக்கைப் பொதுமக்களுக்குக் காட்டியது. ரேஸில் ஜெயித்த இன்ஜினின் வாரிசு. விற்றால் கொத்திக்கொண்டு போவார்கள் என்றுதானே தோன்றும்? பிரபு அதை 600 சிசி ஆக்கி, செயினுக்குப் பதில் கனமான ஷாஃப்ட் மாட்டி, அவலட்சணமாக விட்டார். தனி ஆள் யாராவது வாங்கி ரேஸில் ஓட்டி, தன் சொந்த டீமுக்கே போட்டியாக வந்துவிடக்கூடாது என்பதுதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மொத்தம் நூற்றுச் சொச்சம் வண்டிகள்தான் செய்தார்கள். தன் சரக்கைத் தானே கெடுத்து விற்கிற வியாபாரியை எந்த ஊரில் பார்க்க முடியும்?

1969-இல் ஹோண்டா என்ன செய்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிபி750. அதுவும் நாலு சிலிண்டர். முன்னால் டிஸ்க் பிரேக், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். சாதாரண சம்பளக்காரனும் சேர்த்து வைத்து வாங்கலாம். எம்வி பதினைந்து வருஷமாக ரேஸில் காட்டிக்கொண்டிருந்ததை ஹோண்டா கடைக்குக் கொண்டுவந்து லட்சக்கணக்கில் விற்றது.

1971-இல் டொமெனிகோ இறந்தார். அவரோடு பொழுதுபோக்கும் முடிந்தது. கொஞ்ச நாளில் அரசாங்கத்தின் ஹோல்டிங் கம்பெனி ஒன்று அகுஸ்டாவில் பெரும்பான்மைப் பங்கு எடுத்தது. அவர்கள் கணக்கைப் பார்த்தார்கள். ஹெலிகாப்டர் சம்பாதிக்கிறது, பைக் தின்கிறது. 1976-க்குப் பிறகு ரேஸ் இல்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பைக் உற்பத்தியும் இல்லை. ரசிகர்கள் இதை "அதிகாரிகள் செய்த கொலை" என்பார்கள். முப்பது வருஷத்தில் சொந்தக் காலில் நிற்கப் பழக்கப்படாத பிள்ளை, அப்பா போனதும் விழுந்தது. இதில் கொலைகாரன் யார்?

ஏரிக்கரை ஃபாக்டரி

இரண்டாவது அத்தியாயத்தின் நாயகன் கிளாடியோ காஸ்டில்யோனி. இவரைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் நியாயமாக இருக்க வேண்டும். ஏனென்றால் இவர் இல்லாவிட்டால் கடந்த நாற்பது வருஷத்தின் அழகான பைக்குகளில் பாதி இல்லை.

வடக்கு இத்தாலியில் வரேஸே ஏரிக்கரையில் ஸ்கிரான்னா என்று ஒரு இடம். அங்கே ஏர்மாக்கி கம்பெனியின் பைக் ஃபாக்டரி இருந்தது. 1960-இல் ஹார்லி டேவிட்சன் அதில் பாதியை வாங்கியது, பிறகு முழுசாக எடுத்துக்கொண்டது. நடத்த முடியாமல் 1978-இல் விற்றது. வாங்கியவர்கள் கிளாடியோவும் அண்ணன் ஜியான்ஃபிராங்கோவும். அப்பா பெயர், குடும்பப் பெயர், ஊர்ப் பெயர் மூன்றிலிருந்தும் இரண்டிரண்டு எழுத்து எடுத்து "கஜீவா" என்று பெயர் வைத்தார்கள்.

(இதே ஃபாக்டரியைத்தான் ஹார்லி 2008-இல் திரும்ப வாங்கி, 2010-இல் அதே கிளாடியோவிடம் திரும்பக் கொடுத்தது. முப்பது வருஷத்தில் ஒரே இடத்தை ஒரே ஆளுக்கு இரண்டு தடவை கொடுத்த கம்பெனி உலகத்தில் வேறு இருக்குமா தெரியவில்லை!)

சகோதரர்கள் வாங்க ஆரம்பித்தார்கள். 1985-இல் டுகாட்டி. அடுத்து மோட்டோ மொரினி, ஹஸ்க்வர்னா. 1990-களின் தொடக்கத்தில் எம்வி அகுஸ்டா என்ற பெயரும் கைக்கு வந்தது. மாசிமோ தம்புரினி என்ற மேதைக்கு சான் மரினோவில் தனியாக ஒரு ஆராய்ச்சிக்கூடமே கொடுத்தார் கிளாடியோ. அங்கிருந்து 1994-இல் டுகாட்டி 916 வந்தது. 1997-இல் மிலான் கண்காட்சியில் எம்வி அகுஸ்டா எஃப்-4 வந்தது. 1998-இல் நியூயார்க்கின் குக்கன்ஹைம் மியூசியம் மோட்டார்சைக்கிளைக் கலையாக வைத்துக் கண்காட்சி நடத்தியபோது இரண்டும் அங்கே இடம்பிடித்தன. நாலு குழாய் சைலன்சர் சீட்டுக்கு அடியில் வரிசையாக நிற்கிற அந்த எஃப்-4-ஐப் பின்னாலிருந்து பார்த்தவன் மறக்க மாட்டான். அழகு விஷயத்தில் விவாதமே கிடையாது.

விவாதம் பில்லைப் பற்றியது.

டுகாட்டி சொல்லும் பாடம்

ஒரு பைக் கம்பெனியின் பணம் எப்படிச் சுற்றுகிறது என்பது அக்கவுண்டன்சி புத்தகத்தின் முதல் சில அத்தியாயங்களைத் தாண்டாத விஷயம். ஐரோப்பாவில் ஜனங்கள் பைக் வாங்குவது வசந்தத்திலும் கோடையிலும். அதற்கான வண்டியைக் குளிர்காலத்திலேயே கட்ட வேண்டும். அப்போது பிரேக், சஸ்பென்ஷன், வார்ப்பு, வயரிங் எல்லாம் வெளியிலிருந்து வாங்க வேண்டும். காசு வெளியே போவது முதலில், உள்ளே வருவது பல மாதம் கழித்து. இந்த இடைவெளியைத் தாங்குகிற பணத்துக்குப் பெயர்தான் நடைமுறை மூலதனம். அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? சப்ளையருக்குக் காசு போகாது. சப்ளையர் சரக்கை நிறுத்துவார். ஐந்து யூரோ கேஸ்கெட் ஒன்று வராததால் இருபதாயிரம் யூரோ பைக் முடியாமல் நிற்கும். முடியாத பைக்கை விற்க முடியாது. விற்காததால் காசு வராது. காசு வராததால் அடுத்த சப்ளையரும் நிறுத்துவார். செக்குமாடு சுற்றுவது மாதிரி.

1996-இல் டுகாட்டிக்கு நடந்தது அட்சரம் பிசகாமல் இதுதான். 916 உலகம் முழுக்கக் கொண்டாடப்படுகிறது. சூப்பர்பைக் உலகப் பட்டம் கையில். மான்ஸ்டர் என்ற இன்னொரு மாடலுக்கும் நல்ல கிராக்கி. வாங்க ஆள் வரிசையில் நிற்கிறான். வண்டி மட்டும் வரவில்லை. ஏனென்றால் கஜீவா குழுமத்தின் மற்ற தொழில்களில் பணம் மாட்டிக்கொண்டு, டுகாட்டியின் சப்ளையர்களுக்குக் கொடுக்கக் காசு இல்லை. சரக்கு விற்காமல் திவாலான கம்பெனிகளைப் பார்த்திருப்போம். ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு திணறுவது என்ன திறமை?

அந்த வருஷம் டெக்சாஸ் பசிபிக் குரூப் என்ற அமெரிக்க முதலீட்டுக் கம்பெனி டுகாட்டியின் 51 சதவீதத்தை வாங்கியது. மேலாண்மை ஆலோசகராக இருந்த ஃபெடெரிகோ மினோலி பொறுப்புக்கு வந்தார். ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "கோட்டு சூட்டுக்காரன் வந்துவிட்டான், இனி டுகாட்டி செத்தது!"

செத்ததா? அந்த ஆள் முதலில் செய்தது சப்ளையர் பாக்கியைத் தீர்த்து லைனை ஓட வைத்தது. பெரும்பாலான பாகங்களை வெளியில் வாங்கி, டிசைனையும் முக்கியமான வேலைகளையும் உள்ளே வைத்துக்கொண்டார். உடை, உதிரி அலங்காரம் என்று பைக்கைச் சுற்றி இன்னொரு வருமானம் உண்டாக்கினார். போலோன்யா ஃபாக்டரிக்குள்ளேயே மியூசியம் திறந்தார்கள். உலகம் முழுக்க இருக்கிற டுகாட்டிக்காரர்களை அழைத்துத் திருவிழா நடத்தினார்கள். 1996-இல் பன்னிரண்டாயிரத்தை ஒட்டி இருந்த வருஷ விற்பனை, ஐந்தாறு வருஷத்தில் நாற்பதாயிரத்தை நெருங்கியது. 1999-இல் நியூயார்க்கிலும் மிலானிலும் பங்குச்சந்தைக்குப் போனது. 2007-இல் கேஸி ஸ்டோனர் மோட்டோ ஜிபி உலகப் பட்டமே வாங்கினார். 2012-இல் ஆடி வாங்கியது. 2022 முதல் 2025 வரை நான்கு வருஷமும் அந்தப் பட்டம் டுகாட்டி ஓட்டியவருக்கே போனது.

கவனியுங்கள். அதே 916, அதே போலோன்யா, அதே தொழிலாளி. மாறியது கணக்குப் புத்தகம் மட்டும். கணக்கு கலையைக் கொல்லும் என்றால் டுகாட்டி 1996-லேயே செத்திருக்க வேண்டும். கணக்கு பார்த்த டுகாட்டி உலகத்தை ஜெயித்தது. பார்க்காத எம்வி அகுஸ்டா கோர்ட் வாசலில் நின்றது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

மஹாதிர் கேட்ட கேள்வி

புரோட்டான் கதைக்கு வருவோம். டுகாட்டியை விற்ற பிறகு சகோதரர்கள் கவனம் முழுக்க எம்வி மேல் திரும்பியது. 1999-இல் குழுமத்தின் பெயரே எம்வி அகுஸ்டா ஆனது. சில வருஷத்திலேயே மறுபடி கடன், மறுபடி உற்பத்தி நிறுத்தம். 2004-இல் புரோட்டான் வந்தது. அதை வாங்க முடிவெடுத்த தலைமை நிர்வாகி 2005-இல் வெளியேறினார். புதிதாக வந்தவர்கள் கணக்கைப் பார்த்துவிட்டு, ஜெனோவாவைச் சேர்ந்த ஜெவி என்ற நிதிக் கம்பெனிக்கு ஒரு யூரோவுக்குக் கொடுத்துவிட்டு ஓடினார்கள்.

மலேசியாவில் பெரிய அரசியல் சண்டையே வெடித்தது. புரோட்டானை உருவாக்கிய முன்னாள் பிரதமர் மஹாதிர், 7 கோடி கொடுத்து வாங்கியதை ஒரு யூரோவுக்கு எப்படி விற்கலாம் என்று பகிரங்கமாகக் கேட்டார். 2007-இல் எம்வி தன்னிடமிருந்த ஹஸ்க்வர்னாவை மட்டும் தனியாக பிஎம்டபிள்யூவுக்கு விற்றபோது, விலை 9 கோடி யூரோவுக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. மஹாதிரின் கேள்விக்கு அது வலு சேர்த்தது. ஒரு பாகமே 9 கோடி என்றால் முழுசு எப்படி ஒரு யூரோ ஆகும்?

கேள்வி கூர்மையானது. பதில் சொல்லாமல் நழுவக் கூடாது. ஒரு யூரோ என்பது பைக்கின் விலை இல்லை. ஃபாக்டரியின் விலையும் இல்லை. சொத்து முழுவதையும் கூட்டி, கடன் முழுவதையும் கழித்த பிறகு பங்குதாரருக்கு மிஞ்சுவதன் விலை. ஒரு கோடி ரூபாய் வீட்டின் மேல் ஒரு கோடி ரூபாய் அடமானம் இருந்தால் அந்த வீட்டை வாங்குகிறவர் வீட்டுக்காரருக்கு என்ன கொடுப்பார்? எம்வியின் இருப்புநிலைக் குறிப்பில் ஒரு பக்கம் ஹஸ்க்வர்னா, எஃப்-4, அகோஸ்டினியின் புகழ் எல்லாம் இருந்தது நிஜம். எதிர்ப்பக்கத்தில் கடன் இருந்ததும் நிஜம். பொறுமையாக இரண்டு வருஷம் பிடித்திருந்தால் புரோட்டானுக்குப் போட்டதில் ஒரு பகுதியாவது கிடைத்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வருஷமும் சப்ளையர் பில்லை யார் கட்டுவது?

அப்படியென்றால் புரோட்டான் யோக்கியமா? அதுவும் இல்லை. 7 கோடியை எண்ணிக் கொடுக்கும்போது கடன் பட்டியல் என்ன பரணிலா இருந்தது? அவர்களும் பேருக்கு மயங்கித்தான் வாங்கினார்கள். பாடப்புத்தகம் இதை "நற்பெயர்" என்கிறது. கண்ணுக்குத் தெரியாத சொத்து. சரியாக நடக்கிற கம்பெனியில் நற்பெயர் லாபத்தைக் கூட்டித் தரும். நடக்காத கம்பெனியில் ஏமாளியை அழைத்து வரும்.

அடுத்த ஏமாளி ஹார்லி. அவர்கள் வாங்கிய இரண்டாவது மாதமே அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்து உலகமே ஆடிப்போனது. ஹார்லியின் சொந்த விற்பனையே சரிந்தது. 2009 அக்டோபரில் "எங்கள் பெயரை மட்டும் பார்த்துக்கொள்கிறோம்" என்று அறிவித்து எம்வியை விற்க முடிவெடுத்தார்கள். ஆக, ஹார்லி விலகியதற்கு எம்வி மட்டும் காரணமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஹார்லி இருந்த அந்தக் கொஞ்ச காலத்தில்தான் கடன் தீர்ந்தது, புது எஃப்-4 வந்தது. கிளாடியோவுக்குத் திரும்பக் கிடைத்தது கடன் தீர்த்த கம்பெனி, புது மாடல், கூடவே 2 கோடி யூரோ.

ரசிகர்கள் இதை "நரித்தந்திரம்" என்று இன்றும் கைதட்டிச் சொல்வார்கள். சரி, இவ்வளவு சுத்தமான தொடக்கம் கிடைத்த கம்பெனி எங்கே போனது? 2011-இல் கிளாடியோ காலமானார். மகன் ஜியோவான்னி பொறுப்பேற்றார். 2014-இல் மெர்சிடிஸின் ஏஎம்ஜி 25 சதவீதம் வாங்கியது. 2016-இல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு வரேஸே கோர்ட்டுக்குப் போனார்கள். ஆறே வருஷம்! மலேசியாக்காரனுக்கு ரசனை இல்லை, அமெரிக்கக்காரனுக்குப் பொறுமை இல்லை, சரி. இந்தத் தடவை நிர்வாகம் சொந்தக் குடும்பத்திடம்தானே இருந்தது?

அதன் பிறகு ரஷ்யாவின் சர்தாரோவ் குடும்பம் பணம் போட்டது. 2022-இல் ஆஸ்திரியாவின் கேடிஎம் 25.1 சதவீதம் எடுத்து, பாகங்கள் வாங்குவதையும் உலக விற்பனையையும் தன் கையில் எடுத்தது. எம்வியின் தீராத நோய் எது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. கேடிஎம் தொட்டது டிசைனை அல்ல, சப்ளையரையும் டீலரையும். 2024-இல் பெரும்பான்மைப் பங்கும் கேடிஎம் கைக்குப் போனது. அதே வருஷம் நவம்பரில் கேடிஎம்மே திவால் மனு போட்டது! விற்கிறதைவிட அதிகமாகக் கட்டிக் குவித்துவிட்டு, கிடங்கு நிறைய வண்டியோடு நின்றது. கடைசியில் புனேயின் பஜாஜ் பணம் போட்டுத் தூக்கிவிட வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் எம்வி மறுபடி சர்தாரோவ் கைக்கே திரும்பியது.

கேடிஎம் கதை இங்கே தேவைதான். காசு இல்லாமல் கட்டாதது ஒரு தப்பு என்றால், ஆர்டர் இல்லாமல் கட்டியது இன்னொரு தப்பு. இரண்டுக்கும் ஒரே பெயர், கணக்குப் பார்க்காமை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள்.

யார் வீட்டுக் காசு?

கடைசியாக ஒரு ஆட்சேபம் மிச்சம் இருக்கிறது. இதுதான் ரசிகர்களின் பலமான வாதம். "கணக்குப் பிள்ளையை உட்கார வைத்திருந்தால் எஃப்-4 பிறந்திருக்குமா? எத்தனை வருஷம் ஆனாலும் பரவாயில்லை, உன் இஷ்டப்படி செய் என்று தம்புரினியிடம் சொல்ல ஒரு பைத்தியக்காரன் தேவைப்பட்டான் அல்லவா?"

உண்மை. தேவைப்பட்டான். கிளாடியோவின் கண் சாதாரணக் கண் இல்லை. எந்தக் கமிட்டியும் அந்த பைக்கைப் பெற்றிருக்காது. ஆனால் பெறுவது ஒரு நாள் வேலை, வளர்ப்பது தினமும் செய்கிற வேலை. 916-ஐப் பெற்றது கிளாடியோ என்றால், அதைக் காப்பாற்றி வளர்த்தது ரசிகர்கள் திட்டிய அந்தக் கோட்டு சூட்டுக்காரன். அவனுக்கு மட்டும் மியூசியத்தில் ஒரு படம்கூட யாரும் கேட்பதில்லை.

அடுத்தது, "வெறி" என்று சொல்கிறார்களே, அது யார் செலவில்? டொமெனிகோ பிரபு ஹெலிகாப்டர் லாபத்தை ரேஸில் விட்டார். அது அவர் காசு, அவர் இஷ்டம். அதில் ஒரு நேர்மையாவது இருந்தது. பின்னால் வந்தவர்களின் வெறிக்குச் செலவு செய்தது யார்? கம்பெனி கோர்ட்டுக்குப் போகும்போது வங்கி அடமானத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலாளிக்குப் பெரும்பாலும் இன்னொரு கம்பெனி இருக்கும். இருப்புநிலைக் குறிப்பில் "பற்பல கடனீந்தோர்" என்று ஒற்றை வரியில் அடைக்கப்படுகிறவர்கள்தான் வரிசையின் கடைசியில் நிற்பார்கள். பத்து ஆள், இருபது ஆள் வைத்து வார்ப்பு ஊற்றுகிற பட்டறை. ஸ்க்ரூ, ரப்பர், வயர் கொடுக்கிறவர். அவர்களும் காசு கொடுத்துத்தான் இரும்பு வாங்கினார்கள், சம்பளம் கொடுத்தார்கள். கேடிஎம் திவாலில் கடன் கொடுத்தவர்களுக்கு கிடைத்தது நூற்றுக்கு முப்பது. மீதி எழுபது யாருடைய "வெறி"?

பிறகு அந்த பைக்கை வாங்கியவர். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கியிருப்பார். கம்பெனி கை மாறும் ஒவ்வொரு தடவையும் டீலர் மாறுவார், உதிரிபாகம் வராது, வாரண்டிக்கு யார் பொறுப்பு என்று தெரியாது. உலகத்தின் அழகான பைக் ஒரு சின்னப் பாகத்துக்காக ஷெட்டில் துணி மூடி நிற்கும். அதைப் படம் எடுத்துப் போட்டால் "ஓடாவிட்டாலும் அழகுதான்" என்று நாலு பேர் புளகாங்கிதம் அடைவார்கள். ஓடாத பைக்கைப் பாராட்டுகிற ரசிகன்தான் ஓடாத கம்பெனியையும் உருவாக்குகிறான்.

ஸ்கிரான்னாவில் லைனில் நின்று எஃப்-4-ஐக் கையால் கட்டியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2004 முதல் 2025 வரை எத்தனை முதலாளி, எத்தனை "புதிய அத்தியாயம்", எத்தனை ஷிஃப்ட் குறைப்பு பார்த்திருப்பார்கள்! கலை என்று கொண்டாடப்படுகிற பொருளை நிஜமாகவே செய்கிற கை அவர்களுடையது. அந்தக் கைக்கு மாசம் முதல் தேதி சம்பளம் போய்ச் சேர்வதுதான் அந்தக் கலைக்குச் செய்கிற முதல் மரியாதை.

ஆகவே அடுத்த தடவை எம்வி அகுஸ்டாவை இன்னொரு கம்பெனி வாங்கியது என்று செய்தி வந்தால் (வராமல் இருக்காது!), புது முதலாளிக்கு ரசனை இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். ரசனை இருந்த முதலாளிகளுக்கு அங்கே என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. சப்ளையருக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறார், ஒரு கேஸ்கெட் கேட்டால் எத்தனை நாளில் வருகிறது என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் இருந்தால் அந்த அழகு பிழைக்கும். இல்லாவிட்டால் மறுபடியும் நாலு டீ, நாலு வடை விலைதான்.